தேன் சீசாவில் வந்த நீர்

(தாராவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)



எதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று கிளம்பும்போது பேத்தி கேட்டாள். சொன்னேன். "அய்யே, தாத்தா!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஊரில் சிறுநீரைப் பற்றிக் கூச்சமில்லாமல் பொதுவில் பேசிய பெரிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான், மொரார்ஜி தேசாய். பம்பாய் மாநிலத்தின் முதலமைச்சராக இருந்து, 1977இல் நாட்டுக்கே பிரதமர் ஆனவர். அவர் அதைக் குடிப்பதைப் பற்றிப் பேசினார். நான் அதைப் பார்ப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தைரியமாக உட்காருங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. லேப் டெக்னீஷியன். பிறந்தது இங்கேதான், தாராவியில் ஒரு சாலில், அதாவது வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். நான் வேலை பார்த்தது மாட்டுங்காவில் ஒரு சின்ன லேபில். இப்போது செம்பூரில் மகன் வீட்டில் ஓய்வு. 35 வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ஊராருடைய மூத்திரத்தைப் பார்த்துச் சோறு தின்றவன். எனக்கு மருந்து எழுதத் தெரியாது. ஆனால் அந்த ரிப்போர்ட் காகிதம் எப்படிப் பிறக்கிறது என்று தெரியும். அது பிறக்கிற இடத்திலேயே எத்தனை தப்பு நடக்கும் என்பதும் தெரியும். என்னுடைய தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1980களின் தொடக்கம். அப்போதெல்லாம் லேபில் டப்பா கொடுக்க மாட்டோம். அவரவர் வீட்டிலிருந்து கிடைத்த சீசாவில் கொண்டுவருவார்கள். இருமல் மருந்து சீசா, ஊறுகாய் சீசா, ஒருவர் சட்னிக் கிண்ணத்தில் மேலே காகிதம் கட்டிக்கூடக் கொண்டுவந்தார். ஒரு பெரியவர் வந்தார், சைக்கிளில் இட்லி விற்றவர். விடியற்காலை 4 மணிக்குத் தாராவியிலிருந்து கிளம்பி ஊரெல்லாம் சுற்றுவார்களே, அந்த வேலை. கையில் ஒரு சின்னக் கண்ணாடி சீசா. சர்க்கரைக்கு அப்போது பெனடிக்ட் திரவம்தான். நீல நிறத்தில் இருக்கும். சோதனைக் குழாயில் அதை 5 மில்லி எடுத்து, 8 சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்போம். சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள், ஆரஞ்சு. நிறைய இருந்தால் செங்கல் பொடி கரைத்த மாதிரி ஆகிவிடும். பெரியவருடையது அரை நிமிஷத்தில் செங்கல் ஆனது. நான் நாலு பிளஸ் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். சோற்றை விட்டுவிட்டாராம், காப்பியில் சர்க்கரையை விட்டுவிட்டாராம், சொந்த இட்லியையே தொடவில்லையாம். கையில் அதே சீசா. மறுபடியும் செங்கல். அன்றைக்கு ரத்தமும் எடுத்தோம். ரத்தத்தில் சர்க்கரை சுத்தமாக நார்மல். எனக்கு மண்டை குழம்பியது. சீசாவைக் கழுவப் போனவன், மூடியைத் திருகும்போது விரலில் பிசுபிசுப்பு பட்டதும் நின்றுவிட்டேன். மோந்து பார்த்தேன். தேன்.

மூடியின் திருகுமரைக்குள் காய்ந்த தேன். அவர் சீசாவை ஒரு தரம் அலசியிருக்கிறார், மூடியை அலசவில்லை. நான் எழுதிய நாலு பிளஸ் பொய்யில்லை, சீசாவில் இனிப்பு இருந்தது உண்மை. அவர் உடம்பில் இல்லை, அவ்வளவுதான். "பொங்கலுக்குக்கூட ஒரு வாய் வைக்கலியே தம்பி" என்றார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சர்க்கரை நோய்க்கு நம் பழைய வைத்தியர்கள் வைத்த பெயர் மதுமேகம், தேன் மாதிரி நீர் என்று அர்த்தம். அவருக்கு வந்தது நிஜமாகவே தேன் மேகம்.

ரிப்போர்ட்டில் வருகிற தப்புகளில் பெரும்பகுதி லேபுக்கு வருவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இதைத் தமிழ் மருத்துவம் எப்போதோ தெரிந்து வைத்திருந்தது. தேரையர் பெயரில் நீர்க்குறி நெய்க்குறி என்று ஒரு நூல் இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். நீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தையும் பார்க்க வேண்டும். பிறகு ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட வேண்டும். எண்ணெய் பாம்பு மாதிரி நீண்டால் வாதம், மோதிரம் மாதிரி வளைந்தால் பித்தம், முத்து மாதிரி நின்றால் கபம். இந்த எண்ணெய்ச் சொட்டை வைத்து இன்றைக்கு ஒருவருடைய சிறுநீரகத்தைக் கணிக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்றுதான் சொல்வேன். எனக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். நீரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தேரையர் சொல்லியிருக்கிறார் பாருங்கள்: முந்தின நாள் அளவாகச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வைகறையில், கண்ணாடிக் கலத்தில் பிடித்து, ஒரு முகூர்த்த நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். இன்றைக்கு எந்த நல்ல லேபிலும் சுவரில் ஒட்டியிருக்கிற விதிகள் ஏறக்குறைய இவைதான்.

முகூர்த்த நேரத்துக்குள் என்றாரே, அது வெறும் சாஸ்திரம் இல்லை. மே மாதம், மும்பை வெயில். காலை 6 மணிக்குப் பிடித்த நீரைப் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, லோக்கல் ரயில் பிடித்து, 10 மணிக்கு லேபில் கொடுத்தால் என்ன ஆகும்? கிருமிகள் தோதான சூட்டில் 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கக் கூடியவை. ஒன்று நாலு மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டலாம். நீரில் அம்மோனியா வாடை ஏறும், செல்கள் கரைந்து போகும், கலங்கும். பிறகு ரிப்போர்ட்டில் "பாக்டீரியா அதிகம்" என்று வரும். அது உங்கள் சிறுநீர்ப் பையில் வளர்ந்ததில்லை, கைப்பையில் வளர்ந்தது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தெரியும். லேபுக்கே போய் அங்கேயே பிடித்துக் கொடுத்துவிடுங்கள். முதலில் வருகிற கொஞ்சத்தை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பெண்கள் முன்னதாகத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். மாதவிலக்கு நாளாக இருந்தால் சோதனையைத் தள்ளிப் போடுங்கள். அவசரம் என்றால் டாக்டரிடமும் லேபிலும் வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.

இப்போது காகிதத்தைக் கையில் எடுப்போம். எல்லோரும் முதலில் பார்ப்பது கறுத்த எழுத்தில் அச்சாகியிருப்பதைத்தான். அதிலும் முதலிடம் "பஸ் செல்". அளவு 0–5 என்று போட்டிருக்கும், உங்களுக்கு 8–10 என்று வந்திருக்கும். உடனே மெடிக்கல் ஷாப்புக்குப் போய்க் காகிதத்தை நீட்டுவோம், கடைக்காரரும் அஞ்சு நாள் கோர்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவார். இந்த ஊரில் வீணாக விழுங்கப்பட்ட ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளில் எத்தனையோ இந்த ஒரு வரியைப் பார்த்து விழுங்கியவை என்பது என் எண்ணம்.

பஸ் செல் என்றால் சீழ் என்று பயப்படுகிறோம். அது வெள்ளணு. 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் வட்டமாக, உள்ளே ரவை தூவினாற்போல் இருக்கும். அதே கண்ணாடித் துண்டில் இன்னொன்றும் தெரியும். பொரித்த அப்பளம் மாதிரி அகலமாக, தட்டையாக, ஓரம் மடங்கி, நடுவில் ஒரு சின்னப் புள்ளியோடு. அதற்கு எபிதீலியல் செல் என்று பெயர். பெரும்பாலும் வெளித்தோலிலிருந்து உதிர்ந்து நீரோடு கலந்தது. ரிப்போர்ட்டில் பஸ் செல் வரிக்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கும், யாரும் படிப்பதில்லை. பஸ் செல் 8–10, எபிதீலியல் செல் 15–20 என்று இருந்தால் அந்த நீர் சரியாகப் பிடிக்கப்படவில்லை என்று அர்த்தம். மருந்து வாங்குவதற்கு முன்னால் இன்னொரு டப்பா வாங்குங்கள்.

சரி, நன்றாகவே பிடித்தாயிற்று, கிருமியும் இருக்கிறது, ஆனால் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. அப்போது? வயதான பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் இப்படிச் சும்மா குடியிருக்கிற கிருமிகள் சகஜம். கல்ச்சர் வைத்தால், அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்தால், மில்லிக்கு 1 லட்சம் என்று கணக்கு வரும், பார்த்தால் பயமாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யப் போகிறவர்களுக்கும் மருந்து கொடுப்பார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் இன்றைய மருத்துவம். எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்கிற உந்துதல், அடிவயிற்று வலி என்றிருந்தால் அது வேறு கதை. குளிர் காய்ச்சலோடு விலாவில் வலியும் சேர்ந்தால் சயான் மருத்துவமனைக்கு அன்றைக்கே போக வேண்டும். "சூடு பிடிச்சிருக்கு" என்று மோரும் இளநீரும் குடித்துக்கொண்டு மூன்று நாள் காத்திருக்கக் கூடாது. மோர் நல்லதுதான். சிறுநீரகத்துக்கு ஏறிவிட்ட கிருமியை அது ஒன்றும் செய்யாது.

தாய்மார்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு வருஷத்துக்கு நாலு தரம் நீர்க்கடுப்பு வரும். காரணம் சூடு என்றே கடைசிவரை நம்பினாள். காரணம் கக்கூஸ். எங்கள் சால் முழுக்கப் பொதுக் கக்கூஸ்தான்; கதவு தாழ்ப்பாள் நிற்காது, ராத்திரி விளக்கு கிடையாது. அதனால் சாயங்காலம் 5 மணிக்கு மேல் அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். விடியும்வரை அடக்குவாள். தண்ணீர் குறைந்து, நீர் தேங்கினால் கிருமிக்கு அதைவிட வசதி வேண்டுமா? இன்றைக்கும் இங்கே எத்தனை பெண் பிள்ளைகள் அப்படி அடக்குகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் 5 நாளில் குணமாகும், 2 மாதத்தில் திரும்பி வரும். விளக்கும் தாழ்ப்பாளும் வைத்துக் கொடுத்தால் திரும்பி வருவது குறையும். இதை வார்டு ஆபீசில் சொல்ல வேண்டியது யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பஸ் செல் விஷயத்தில் நான் உண்மையாகவே பயப்படுகிற ஒன்று உண்டு. நீர் நன்றாகப் பிடித்திருக்கிறது, பஸ் செல் 30, 40 என்று இருக்கிறது, கல்ச்சரில் ஒரு கிருமியும் வளரவில்லை. மருந்து சாப்பிட்டும் குறையவில்லை. கல் இருந்தாலும் இப்படி வரும், பாதி மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வரும். ஆனால் நம் ஊரில், அதிலும் நெருக்கமாக வாழ்கிற நம் பேட்டையில், காசநோய் சிறுநீரகத்தில் உட்கார்ந்திருக்கலாம். அந்தக் கிருமி சாதாரணக் கல்ச்சரில் வளராது. நுரையீரலில் வந்தால் இருமல் காட்டிக்கொடுக்கும். சிறுநீரகத்தில் வந்தால் வருஷக்கணக்கில் இந்த ஒரு வரிதான் காட்டிக்கொடுக்கும். மூன்று நாள் விடியற்காலை நீரை எடுத்துத் தனியாகப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். டாக்டரிடம், "காசநோய் பார்க்கணுமா சார்?" என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

காசநோய் என்றதும் ஞாபகம் வருகிறது. மருந்து ஆரம்பித்த ஒரு பையன் இரண்டாம் நாளே அலறிக்கொண்டு லேபுக்கு ஓடிவந்தான், "அண்ணே, ரத்தமாப் போகுது!" டப்பாவைப் பார்த்தால் நல்ல ஆரஞ்சு. ரிஃபாம்பிசின் மாத்திரை செய்கிற வேலை அது. சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூட ஆரஞ்சாகும். மருந்து உள்ளே போகிறது என்பதற்கு அது அடையாளம். அவன் பயந்து மாத்திரையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பீட்ரூட் பொரியல் சாப்பிட்டாலும் சிலருக்குச் சிவக்கும். பி காம்ப்ளெக்ஸ் போட்டால் பளீர் மஞ்சள். நிறத்தைப் பார்த்து அலறுவதற்கு முன் முந்தின நாள் வாயில் போனதை நினைத்துப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"யூரின்ல உப்பு இருக்குன்னாங்க" என்று சொல்கிறோம் இல்லையா? இந்த உப்பு என்கிற சொல்லை வைத்துக்கொண்டு நாம் படுகிற பாடு கொஞ்சமில்லை. கர்ப்பிணிக்குப் புரதம் போனாலும் உப்பு. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறினாலும் உப்பு. மைக்ராஸ்கோப்பில் கிரிஸ்டல் தெரிந்தாலும் உப்பு. மூன்றும் மூன்று விஷயம். கிரிஸ்டல் பெரும்பாலும் தண்ணீர் குறைவாகக் குடித்ததன் அடையாளம். நிறையக் குடியுங்கள், வலி இருந்தால் ஸ்கேன் பாருங்கள், அதோடு விடலாம். கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை. புரதம்தான் சிறுநீரில் பார்க்க வேண்டிய பெரிய ஆள். அதை உப்பு என்று சொல்லிச் சொல்லி, "உப்பைக் குறைச்சுட்டேன், சரியாப் போயிடும்" என்று வீட்டிலேயே இருந்துவிட்ட ஒரு அக்காவை எனக்குத் தெரியும். சாம்பாரில் உப்பைக் குறைத்தது நல்லதுதான். அவர் கால் வீங்கி வந்தபோது டயாலிசிஸ் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் மட்டும் வெளியே வருகிறது, மிச்சத்தை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. வடிகட்டி நன்றாக இருந்தால் புரதம் ஏறக்குறைய வெளியே வராது. சல்லடையில் ஓட்டை விழுந்தால் மாவோடு தவிடும் விழுகிற மாதிரி, அந்த வடிகட்டி கெடும்போது அல்புமின் என்கிற புரதம் கசிகிறது. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. நுரை கொஞ்சம் கூடுதலாக நிற்கும், அதையும் யார் நின்று பார்க்கிறார்கள்?

1827இல் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்கிற டாக்டர், உடம்பு வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். முட்டை வெள்ளைக்கரு மாதிரித் திரண்டது. அவர்கள் இறந்த பின் அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட அதே கரண்டி வித்தைதான், குழாயில் செய்தோம். சோதனைக் குழாயில் முக்கால் பங்கு நீர் எடுத்து மேல்பாதியை மட்டும் சூடாக்க வேண்டும். மேலே வெள்ளையாக மேகம் போட்டால் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விட வேண்டும். மேகம் மறைந்தால் பாஸ்பேட், பயமில்லை. நின்றால் புரதம். அந்த ஒரு சொட்டு விழுந்த பிறகு மேகம் கரைகிறதா நிற்கிறதா என்று பார்க்கிற இரண்டு விநாடி இருக்கிறதே, 35 வருஷத்தில் அது எனக்குச் சலித்ததே இல்லை. கீழ்ப்பாதி தெளிவாக இருக்கும், மேல்பாதியில் யாரோ ஒருவருடைய எதிர்காலம் நிற்கும்.

பிறகு பட்டை வந்தது. 1956இல் அமெரிக்காவில் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ என்கிற தம்பதி, சர்க்கரைக்கு நனைத்துப் பார்க்கிற காகிதப் பட்டையைக் கொண்டுவந்தார்கள். இப்போது அதே பட்டையில் பத்துச் சதுரம் இருக்கிறது. நனை, ஒரு நிமிஷம் பொறு, நிறத்தைப் பார், பிளஸ் போடு. வேகம்தான். ஆனால் பட்டைக்கு ஒரு குறை உண்டு. அது நீரின் கெட்டித்தன்மையைக் கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீர் குடிக்காமல் அலைந்தவனுடைய கெட்டி நீரில் ஒன்றுமில்லாததற்கு ஒரு பிளஸ் காட்டும். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தவருடைய நீரில் இருப்பதை "இல்லை" என்று காட்டும். காய்ச்சல், கடும் உழைப்பு இருந்தாலும் ஒரு நாளைக்குப் புரதம் வந்துவிட்டுப் போகும். அதனால் ஒரு பிளஸ் வந்ததும் ஒப்பாரி வைக்க வேண்டாம். திரும்பப் பார்க்க வேண்டும்.

சர்க்கரைக்காரர்களும் பிரஷர்காரர்களும் இதைக் கேளுங்கள். பட்டை "நில்" என்று சொன்னால் உங்களுக்கு அது போதாது. கசிவு ஆரம்பத்தில் மிகச் சின்னது, பட்டையின் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று தனிச் சோதனை: அல்புமின் கிரியேட்டினின் விகிதம். ஏ.சி.ஆர். என்று எழுதுவார்கள். 30க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு. 300க்கு மேல் போனால் பெரிய கசிவு, பட்டையிலும் தெரியும். ஆரம்பக் கசிவில் பிடித்தால் அதைக் குறைக்கிற மாத்திரைகள் இருக்கின்றன. பிரஷருக்குக் கொடுக்கிற டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் வகைகள் வடிகட்டிக்கும் காவல். ஒரே சோதனையை வைத்து முடிவு கட்ட மாட்டார்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தரம் பார்த்து, இரண்டு தரமாவது கூடுதலாக இருந்தால்தான் கணக்கு. இரண்டாம் வகைச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்தே வருஷம் ஒரு தரம் இதைப் பார்க்க வேண்டும். மாதா மாதம் ஃபாஸ்டிங், சாப்பிட்ட பின் என்று ரத்தம் கொடுக்கிற நம்மவர்களிடம் "ஏ.சி.ஆர். எப்ப பார்த்தீங்க?" என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

இந்த நகரத்தில் சிறுநீரகம் கெட்டவர்களுக்காக எவ்வளவோ நடந்திருக்கிறது. பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் 1965இலேயே சிறுநீரக மாற்றுக்கு முயன்றார்கள். நாட்டிலேயே முதல் முயற்சி அது, நிலைக்கவில்லை. 1971இல் நம் வேலூர் சி.எம்.சி.யில் உயிரோடு இருப்பவர் கொடுத்த சிறுநீரகத்தை வைத்துச் செய்தது வெற்றி பெற்றது. பெரிய சாதனைகள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசலுக்குப் போகிற பெரும்பாலான சர்க்கரைக்காரர்கள் பத்து வருஷம் முன்னாலேயே ஒரு டப்பா நீரில் சேதி அனுப்பியிருப்பார்கள். யாரும் பிரித்துப் படித்திருக்க மாட்டோம்.

கர்ப்பிணிகளுக்கு ஒரே வார்த்தை: ஐந்து மாதத்துக்கு மேல் புரதமும் பிரஷரும் சேர்ந்து வந்தால், தலைவலியோ கண் மங்கலோ இருந்தால், அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள்.

இன்னொரு புதுக் குழப்பம். தாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று மாத்திரைகள். முதலாவதன் காப்புரிமை 2020இல் முடிந்து விலை இறங்கியதும் நம் தெருவரை வந்துவிட்டது. ரத்தத்திலிருக்கிற சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதே அதன் வேலை. சாதாரணமாக ரத்தத்தில் சர்க்கரை 180ஐத் தாண்டினால்தான் நீரில் தலை காட்டும். இந்த மாத்திரை போட்டால் ரத்தத்தில் 110 இருந்தாலும் நீரில் நாலு பிளஸ் காட்டும். செம்பூரில் எங்கள் கட்டடத்து மாமி ஒருத்தி அந்த நாலு பிளஸைப் பார்த்துவிட்டு, மாத்திரை வேலை செய்யவில்லை என்று தானே நிறுத்திவிட்டாள். வேலை செய்ததால் வந்த பிளஸ் அது! அதே மாமி கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடந்து சேடா நகர் முருகன் கோயில் படி ஏறுகிறவள். விரதம் இருந்தால் யாருக்கும் நீரில் கீட்டோன் கொஞ்சம் வரும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால், ரத்தச் சர்க்கரை அதிகமில்லாமலே கீட்டோன் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். வாந்தி, மூச்சு வாங்கல் வந்தால் ஆஸ்பத்திரி. விரதத்துக்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

கடைசியாக ரத்தம். வலியோடு ரத்தம் வந்தால் எல்லோரும் ஓடுகிறோம், அது பெரும்பாலும் கல் அல்லது கிருமி. வலியே இல்லாமல் ஒரு நாள் சிவப்பாகப் போய், மறுநாள் தானாகத் தெளிந்துவிட்டால்? "நின்னு போச்சு" என்று விட்டுவிடுகிறோம். அதை விடவே கூடாது. 40 வயதுக்கு மேல், அதுவும் பீடி சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு, சிறுநீர்ப் பையில் புற்றுநோயின் முதல் குரல் அப்படித்தான் வரும். சாயத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1895இலேயே ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்கிற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலை வேலைக்காரர்களுக்கு இந்த நோய் வருவதைக் கவனித்து எழுதினார். இங்கே தோலுக்கும் துணிக்கும் சாயம் ஏற்றுகிற வேலையில் இருந்தவர்கள் எத்தனை பேர்! என் அப்பாவின் நகக்கண் நிறம் அவர் சாகும்வரை மாறவில்லை. டாக்டர் கேட்காவிட்டாலும், "நான் சாய வேலை பார்த்தவன்" என்று நீங்களே சொல்லுங்கள். பட்டையில் ரத்தம் என்று வந்தால் மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு எத்தனை என்றும் கேளுங்கள். பட்டையை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது.

கையில் காசில்லை என்று சோதனையைத் தள்ளிப் போட வேண்டாம். மாநகராட்சியின் ஆப்லா தவாகானா கிளினிக்கில் சோதனைகள் இலவசம். நம் சோட்டா சயான் ஆஸ்பத்திரியும் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரிலேயே தேதிவாரியாக வையுங்கள். போன வருஷம் 20 இருந்த ஏ.சி.ஆர். இந்த வருஷம் 80 என்றால், இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் டாக்டருக்கு அது தெரியும்.

வாசல் மேசையில் மூடி போட்ட புது டப்பாக்கள் வைத்திருக்கிறோம். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். நாளைக் காலை எழுந்ததும் வருகிற முதல் நீர், நடுவில் வருவது, பாதி டப்பா போதும். பெயரை மூடியில் எழுதாதீர்கள், டப்பாவின் மேல் எழுதுங்கள். மூடிகள் மாறிப்போகும்.